வீட்டுக்கு எந்த ஏணி? கல்லாவுக்கு எதிரே நின்று கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் பாத்திரக் கடைகளுக்கு நடுவே எங்களுடையது ஒரு சின்ன ஹார்டுவேர் கடை. ஆணி, பெயிண்ட், பைப் எல்லாம் தினமும் போகும். ஏணி ஓரமாகச் சாத்தியபடி நிற்கும். புரட்டாசியில் கொலு பொம்மையைப் பரணிலிருந்து இறக்கும்போதும், மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதும்தான் அதைத் தேடி ஆள் வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அந்தக் கேள்விகளும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களும் இவை.

"அண்ணே, வீட்டுக்கு ஏணி வேணும். எத்தனை அடி வாங்கலாம்?"

நான் திருப்பி ஒன்று கேட்பேன்: எதைத் தொடப் போகிறீர்கள்? ஃபேனையா, பரணையா, திரைச்சீலைக் கம்பியையா? பாதிப் பேர் "எல்லாத்துக்கும்தான்" என்பார்கள். எல்லாவற்றுக்கும் என்று வாங்கிய ஏணி பெரும்பாலும் எதற்கும் வெளியே வராது. தூக்கக் கனம், அறைக்குள் விரிக்க இடமில்லை, கடைசியில் மொட்டை மாடியில் ஈரத் துணி காயப்போட உதவும்.

ஏணியின் உயரம் வேறு, அதில் நீங்கள் நிற்கும் உயரம் வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது முதலாவது. மேல்படிக்கு மேலே வளைந்து நிற்கும் கைப்பிடிக் கம்பி வைத்த வீட்டு ஏணிகளில் அந்தக் கம்பியே 2 அடி இருக்கும். "6 அடி ஏணி" என்று விற்பவர் அந்தக் கம்பியின் உச்சியையும் சேர்த்துத்தான் சொல்வார். நிற்கிற படி 4 அடியில் முடிந்துவிடும். பெயிண்டர்கள் வைத்திருக்கும், கூடாரம் போல இரு பக்கமும் விரிகிற ஏணியில் உச்சிப் பலகையிலும் நிற்கக் கூடாது, அதற்கு அடுத்த படியிலும் நிற்கக் கூடாது. அந்தக் கணக்கில் 6 அடி ஏணியில் நிற்கத் தகுந்த படி 4 அடிக்கும் கொஞ்சம் கீழேதான்.

அதனால் அடிக்கணக்கை விட்டுவிட்டு, "நான் நிற்கக்கூடிய கடைசிப் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம்?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அவரிடமே டேப்பை வாங்கி அளந்துவிடுங்கள். படிக்கும் படிக்கும் நடுவே பெரும்பாலும் 9, 10 அங்குலம் இருக்கும். அப்படியானால் 3 படி ஏணியில் இரண்டேகால் அடிக்கு மேல், 4 படியில் 3 அடிக்கு மேல், 5 படியில் கிட்டத்தட்ட 4 அடி, 6 படியில் நாலரையிலிருந்து 5 அடி வரை நிற்பீர்கள்.

"ஃபேன் துடைக்க 4 படி போதுமா, 5 படி வேணுமா?"

எங்கள் கடையில் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குடியிருக்கும் அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது 9 அடி, இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டிட விதித்தொகுப்பு. நம் ஊரில் கட்டுகிற வீடுகள் பெரும்பாலும் 10 அடி. ஃபேன் கம்பி, மோட்டார் எல்லாம் போக, இறக்கை எட்டரை அடி உயரத்தில் சுற்றும்.

5 அடி 3 அங்குலம் உயரமுள்ள ஒருவர் 4 படி ஏணியின் மேல்படியில் நின்றால் கண் 8 அடி உயரத்தில் இருக்கும். கை சிரமமில்லாமல் எட்டும். ஆனால் இறக்கையின் மேல்பக்கம் கண்ணில் படாது. தூசி உட்கார்ந்திருப்பதோ அங்கேதான். 5 படியில் ஏறினால் மேல்பக்கம் பளிச்சென்று தெரியும். 5 அடி 8 அங்குலம் உள்ளவருக்கு 4 படியிலேயே ஏறக்குறைய தெரிந்துவிடும். அதனால் வீட்டில் யார் ஏறித் துடைக்கப் போகிறாரோ அவர் உயரத்துக்குத்தான் ஏணி. பல வீடுகளில் வாங்க வருபவர் ஒருவர், ஏறுபவர் இன்னொருவர்.

4 படி ஏணிதான் வீட்டில் இருக்கிறது என்றால் பழைய தலையணை உறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கையை உறைக்குள் விட்டு, இரு பக்கமும் அழுத்திப் பிடித்து, நுனியை நோக்கி இழுங்கள். மேல்பக்கத் தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, கட்டில் விரிப்பையும் தனியாகத் துவைக்க வேண்டியதில்லை.

ஃபேனையே கழற்றி மாட்டுவது வேறு வேலை. மூன்று நான்கு கிலோ எடையைக் கையில் பிடித்தபடி கொக்கியில் மாட்ட வேண்டும். அதற்குக் கொக்கி தலைக்கு நேராக வர வேண்டும், அண்ணாந்து பார்த்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல. அதற்கு 5 படி குறைந்தபட்சம்.

எங்கள் பக்கம் இன்னும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. தேக்கு உத்தரம், செங்கல் அடுக்கிய மேல்தளம், 12 அடி, 14 அடி உயரம். அந்த வீட்டுக்காரர்கள் வந்தவுடனே 10 அடி ஏணி கேட்பார்கள். தேவையில்லை. அங்கே ஃபேன் நீளக் கம்பியில் தொங்கும், இறக்கை எப்படியும் 9 அடிக்குள் வந்துவிடும். 5 படி ஏணி எட்டும். உத்தரத்தில் ஒட்டடை அடிக்க நீளக் குச்சி போதும், ஏணி எதற்கு?

"ஃபேன் கட்டிலுக்கு நேர் மேலே இருக்கு. ஏணியை எங்கே வைக்கிறது?"

இதைக் கேட்டுவிட்டு ஏணி வாங்குபவர் புத்திசாலி. நான் கேட்காமல் வாங்கிப் போனவன்.

10க்கு 11 அடி அறை. நடுவில் 5 அடி அகலக் கட்டில். ஒரு பக்கம் பீரோ. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இரண்டரை அடி சந்து. என் 6 படி இரும்பு ஏணியை விரித்தால் மூன்றரை அடிக்கு மேல் இடம் கேட்டது. விரியாத ஏணியை விரிக்காமலே, மடக்கியபடி சுவரில் சாத்தி ஏறினேன். மூன்றாவது படியில் இருந்தபோது கீழே டைல்ஸில் ஏணியின் கால் நழுவி, ஏணி சுவரை உரசிக்கொண்டே இறங்கியது. எனக்கு இடது மணிக்கட்டு போனது. ஆறு வாரம் கட்டோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன், ஏணி கேட்டு வந்தவர்கள் என் கையைத்தான் முதலில் பார்த்தார்கள்.

மடக்கு ஏணியின் பாதம் விரித்து வைக்கும் சாய்வுக்கு ஏற்றபடி வெட்டியிருக்கும். மடக்கிச் சாத்தினால் அந்த ரப்பர் முழுசாகத் தரையில் படியாது, ஒரு ஓரம் மட்டும் தொடும். மொசைக், டைல்ஸ் தரையில் அந்த ஓரத்துக்குப் பிடிப்பே இருக்காது. எனவே மடக்கு ஏணியைச் சாத்தி ஏறவே கூடாது.

சரி, கட்டிலை என்ன செய்வது? நகர்த்தத்தான் வேண்டும். மெத்தையை எடுத்துவிட்டு இரண்டு பேர் இரண்டடி தள்ளினால் போதும், ஏணி ஃபேனுக்குப் பக்கவாட்டில் நிற்கும். நேர் கீழே நிற்க வேண்டும் என்றில்லை, இறக்கையைக் கையால் சுற்றி ஒவ்வொன்றாக உங்கள் பக்கம் கொண்டுவரலாம். நகரவே நகராத கட்டில் என்றால் ஏணி ஆசையை விட்டுவிட்டு, வளைந்த தலையுள்ள ஃபேன் துடைக்கும் குச்சி வாங்கிக்கொள்ளுங்கள். மெத்தை மேல் ஏணியை வைப்பதும், மெத்தை மேல் ஸ்டூல் போடுவதும் வேண்டாம். கடைக்கு வருமுன் சந்தின் அகலத்தை மட்டும் அளந்து வாருங்கள். ஏணியை இங்கேயே விரித்து அளந்து பார்த்துவிடலாம்.

"பிளாஸ்டிக் நாற்காலி இருக்கே, ஒரு பல்பு மாத்த ஏணி எதுக்கு?"

உண்மையைச் சொன்னால் எனக்குப் போட்டி எதிர்க்கடை இல்லை, இந்த நாற்காலிதான். எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும், எடை இரண்டு மூன்று கிலோ. உட்காருகிற எடை நாலு காலுக்கும் பரவிப் போகும் என்று கணக்குப் போட்டுச் செய்த பொருள் அது. நீங்கள் ஓர் ஓரத்தில் கால் வைத்து எம்பும்போது முழு எடையும் ஒரு காலில் இறங்குகிறது. வழவழப்பான தரையில் அந்தக் கால் வெளிப்பக்கம் அகன்றுகொண்டே போகும். மாடியில் வெயிலில் கிடந்து வெளுத்துப்போன நாற்காலி என்றால் அகலக்கூட அகலாது, பட்டென்று உடையும்.

மர ஸ்டூல் இதைவிடத் தேவலை. ஆனாலும் ஸ்டூலில் நின்றால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, இறங்கும்போது பின்பக்கம் காலால் தரையைத் துழாவ வேண்டும். அலமாரி மேல்தட்டு, ட்யூப் லைட், திரைச்சீலை போன்ற சின்ன வேலைகளுக்கு 2 படி அல்லது 3 படி ஏணி ஒன்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கட்டும். நாற்காலியை எடுக்கிற நேரத்தில் அதையும் எடுத்துவிடலாம். எனக்குத் தெரிந்து வீட்டில் அதிகம் உழைக்கிற ஏணி அதுதான்.

காலி கேஸ் சிலிண்டர் மேல் ஏறி நின்று பரணைத் துழாவுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் எதுவும் பேசுவதில்லை, 3 படி ஏணியை மட்டும் எடுத்துக் காட்டுவேன்.

"அலுமினியமா, இரும்பா? ஃபைபர் எதுக்கு?"

இரும்பு கனம், அதனாலேயே அசையாமல் நிற்கும். 5 படி இரும்பு ஏணி 8, 9 கிலோ இருக்கும். அதே உயரத்தில் அலுமினியம் 5, 6 கிலோ. ஒரே அறையில் வைத்து எப்போதாவது எடுப்பவருக்கு இரும்பு சரிதான், படியும் அகலமாகக் கிடைக்கும். மாடிக்கும் கீழுக்கும் தூக்கிப் போகிறவருக்கு அலுமினியம். அம்மாவோ மனைவியோ ஒரு கையால் தூக்க முடியாத ஏணியை வாங்கிப் போனால் மறுபடி நாற்காலிதான்.

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கமிருந்து வருபவர்களுக்கு நான் இரும்பு கொடுப்பதில்லை. உப்புக் காற்றில் பெயிண்ட் உரிந்த இடத்திலெல்லாம் துரு பிடிக்கும். வெளியே தெரிகிற துருவைவிடக் குழாய்க்குள் பிடிக்கிறதுதான் ஆபத்து. தட்டினால் மந்தமான சத்தம் வரும், உள்ளே உதிர்கிற ஓசையும் கேட்கும்.

அலுமினியத்தில் ஒரு குறை, அது மின்சாரத்தைக் கடத்தும். இரும்பும் அப்படித்தான். கண்ணாடி இழையில் செய்த ஃபைபர் ஏணி கடத்தாது. மஞ்சள் நிறத்திலோ ஆரஞ்சு நிறத்திலோ வரும், எலக்ட்ரீஷியன்கள் கையில் பார்த்திருப்பீர்கள். விலை கூட, கனமும் அலுமினியத்தைவிடக் கூட. ஃபேன் துடைக்கவும் பரண் ஏறவும் மட்டும் ஏணி வேண்டும் என்பவருக்கு இது தேவையில்லை. வயரிங் வேலையைத் தானே செய்கிறவர் மட்டும் யோசிக்கலாம். வெயிலில் போட்டு வைத்தால் ஃபைபரின் மேல்பூச்சு வெளிறி, உள்ளிருக்கும் இழை முள் முள்ளாக வெளியே வரும். கையில் ஏறினால் அரிப்பு தாங்காது.

மூங்கில் ஏணியைப் பற்றியும் கேட்கிறார்கள். தோட்டத்துக்கும் கட்டிட வேலைக்கும் அருமையான பொருள், வீட்டுக்குள் வேண்டாம். தானாக நிற்காது, சாத்தித்தான் ஏற வேண்டும். டைல்ஸ் தரையில் மூங்கிலுக்குப் பிடிப்பு கிடையாது.

"மெயினை அணைச்சிட்டுத்தானே ஏறப்போறேன், அலுமினியம் இருந்தா என்ன?"

இன்வெர்ட்டர் இருக்கிறதா வீட்டில்? அப்படியானால் ஈபி மெயினை அணைத்த அடுத்த நொடியே இன்வெர்ட்டர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனால் ஃபேனும் லைட்டும் ஓட வேண்டும் என்றுதானே அதை வாங்கினோம். மெயினை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஃபேன் வயரில் கை வைக்கிற ஆளுக்கு 230 வோல்ட் அப்படியே காத்திருக்கும். இன்வெர்ட்டர் ஸ்விட்சை அணைப்பதோடு, மெயின் பெட்டியில் அந்த அறைக்கென்று இருக்கும் குட்டி ஸ்விட்சான எம்சிபியையும் இறக்கிவிடுங்கள். சுவரிலிருக்கும் ஸ்விட்சை மட்டும் அணைப்பதும் போதாது. பழைய வீடுகளில் ஸ்விட்சை நியூட்ரல் வயரில் கொடுத்திருப்பார்கள். லைட் அணைந்திருக்கும், ஹோல்டரில் கரண்ட் இருக்கும்.

சின்ன அதிர்ச்சிதானே என்று நினைக்க வேண்டாம். தரையில் நின்றால் கையை உதறிக்கொண்டு போய்விடலாம், 4 அடி உயரத்தில் உதறினால் கீழேதான் விழ வேண்டும். ஏறுமுன் டெஸ்டரால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அந்த டெஸ்டரையும் முதலில் ஓடுகிற பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

"150 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு. நான் 70 கிலோதான். சும்மா 100 கிலோ ஏணி போதாதா?"

பெட்டியில் போட்டிருக்கும் எடை உங்களுக்கு மட்டும் இல்லை. உடுப்பு, கையிலிருக்கும் சாமான், இடுப்பில் செருகிய சுத்தி எல்லாம் சேர்த்துத்தான். ஐரோப்பிய ஈஎன் 131 தரம் என்றால் 150 கிலோ. அமெரிக்க முறையில் டைப் 3 என்பது 200 பவுண்டு, ஏறக்குறைய 90 கிலோ, அதுதான் அங்கே வீட்டு உபயோகத்துக்கென்று சொல்லும் கடைசித் தரம். டைப் 2 என்பது 225 பவுண்டு, டைப் 1 என்பது 250. எண் குறையக் குறைய வலு கூடும் என்பதால் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

எங்கள் ஊர் வீட்டுப் பரண்களில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாட்டி காலத்துப் பித்தளை அண்டா. கல்யாணம் வந்தால் அதை இறக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையை மார்போடு அணைத்தபடி, ஒரு காலைக் கீழ்ப்படிக்கு இறக்கும் அந்த நொடியில் உங்கள் எடையும் அண்டாவின் எடையும் ஒரே படியில், அதுவும் சற்று வேகத்தோடு வந்து விழுகிறது. 70 கிலோ ஆள் 100 கிலோ ஏணியின் விளிம்புக்குப் பக்கத்தில் போய்விடுகிறார். என் வழக்கம், ஏறுகிறவர் எடையோடு 40 கிலோவைக் கூட்டி, அதற்கு மேல் இருப்பதைக் கொடுப்பது.

அண்டாவை ஒருவராக இறக்கவும் கூடாது. மேலே ஒருவர் நகர்த்திக் கொடுக்க, கீழே ஒருவர் வாங்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கால், ஒரு கை, அல்லது இரண்டு கை, ஒரு கால் என்று மூன்று இடம் ஏணியைத் தொட்டபடி இருக்க வேண்டும் என்பார்கள். இரண்டு கையிலும் அண்டா இருந்தால் அதற்கு வழியே இல்லை.

"கைப்பிடிக் கம்பி வச்சதா, இல்லாததா?"

வைத்ததையே வாங்குங்கள். மேல்படியில் நிற்கும்போது முழங்காலும் தொடையும் அந்தக் கம்பியில் சாய்ந்திருக்கும். இரண்டு கையும் மேலே வேலையாக இருக்கும்போது உங்களைப் பிடித்திருப்பது அது ஒன்றுதான். மேல்படி கொஞ்சம் அகலமாக, மேடை மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. குறுகின படியில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், உள்ளங்கால் சொல்லும்.

"ஒரே ஏணி நீளும், மடங்கும், இங்கிலீஷ் 'A' எழுத்து மாதிரியும் நிக்கும், அதை வாங்கினா எல்லா வேலையும் ஆகுமே?"

நாலு இடத்தில் கீல் வைத்து மடங்குகிற அலுமினிய ஏணியைச் சொல்கிறீர்கள். பெரிய வீடு, தோட்டம், தானே பெயிண்ட் அடிக்கிற ஆள் என்றால் காசுக்கு மோசமில்லை. மற்றவர்களுக்கு அது தொல்லை. ஒவ்வொரு கீலிலும் இரண்டு பக்கமும் பூட்டு விழுந்ததா என்று பார்க்க வேண்டும். அதில் படி தட்டையாக இருக்காது, குழாயாக இருக்கும், வெறுங்காலுக்கு வலிக்கும். நாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே வீட்டுக்குள் ஏறுகிறோம்.

குழாய்க்குள் குழாயாகச் சுருங்குகிற டெலஸ்கோபிக் ஏணியும் வருகிறது. கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாம். இறக்கும்போது படி மேல் படி சடசடவென்று விழும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கும். ஏறுமுன் ஒவ்வொரு படியின் பூட்டும் விழுந்ததா என்று பார்க்கும் பொறுமை உள்ளவருக்குத்தான் இது.

"மாடிப்படி மேல இருக்கிற லைட்டை எப்படி மாத்தறது?"

மடக்கு ஏணிக்கு நாலு காலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மாடிப்படியில் அது முடியாது. செங்கல் அடுக்கி மட்டம் செய்ய நினைக்காதீர்கள், அந்தச் செங்கல் நகர்ந்துதான் பலர் விழுகிறார்கள். முதல் வேலையாக அந்த லைட்டைப் பக்கச் சுவருக்கு, கைக்கு எட்டும் உயரத்துக்கு மாற்றச் சொல்லி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஏணி விலையைவிட அது குறைவாகவே முடியும். அதுவரைக்கும் பல்பைக் கவ்விக் கழற்றும் நீளக் குச்சி உதவும், ஆனால் திருகு பல்புக்கு மட்டும். நம் வீடுகளிலிருக்கும் பின் பல்பை அழுத்தித் திருப்ப வேண்டும், குச்சிக்கு அது சரியாக வராது.

"தண்ணித் தொட்டிக்கு ஏற இதே ஏணி ஆகுமா?"

ஆகாது. மடக்கு ஏணியின் உச்சியிலிருந்து இன்னொரு தளத்துக்குத் தாவக் கூடாது, காலை எடுத்து அந்தப் பக்கம் வைக்கிற வேகத்தில் ஏணி பின்னால் சாயும். அதற்குச் சாத்து ஏணி வேண்டும். 4 அடி உயரத்துக்கு 1 அடி என்ற கணக்கில் கீழ்ப்பாதத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். 8 அடி உயரத் தளம் என்றால் பாதம் 2 அடி தள்ளி. ஏணி தளத்துக்கு மேலே 3 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதைப் பிடித்துத்தான் இறங்கவும் ஏறவும் முடியும். நம் ஊரில் தளத்தோடு தளமாக முடிகிற ஏணியைத்தான் எல்லா வீட்டிலும் பார்க்கிறேன். வருஷத்துக்கு இரண்டு முறை தொட்டி கழுவுகிற வீடு என்றால் சுவரோடு பற்றவைத்த இரும்பு ஏணி ஒன்று செய்துவிடுவது நல்லது.

முருங்கைக்காய் பறிக்கவும் ஏணி கேட்டு வருகிறார்கள். முருங்கைக் கிளை முறியும் என்று தெரிந்தும் அதில் ஏணியைச் சாத்துவானேன்? தொரட்டிக் குச்சி இருக்கிறது.

"அப்பாவுக்கு 70 வயசு. சொன்னா கேக்காம ஏறிடுறார். அவருக்கு ஏத்த மாதிரி என்ன இருக்கு?"

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள். அண்ணாந்து பார்க்கும்போது தலைசுற்றல் வருவது அந்த வயசில் சகஜம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். தரையில் நின்றால் சுவரைப் பிடித்துக்கொள்வார், ஏணியில் என்ன செய்வார்?

ஏறாதீர்கள் என்று சொன்னால் நீங்கள் ஊருக்குப் போன மறுநாளே ஏறுவார். அதனால் 2 படி ஏணி, அகலமான படி, இடுப்பு உயரத்துக்குக் கைப்பிடி உள்ளதாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள். உயரமான ஏணி எதையும் அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள். அப்புறம், அவர் எதற்காக ஏறுகிறார் என்று பாருங்கள். பாதி நேரம் தினமும் எடுக்கிற ஏதோ ஒன்று மேல்தட்டில் இருக்கும். அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டால் ஏறுகிற வேலையே இல்லை. என் அப்பா விஷயத்தில் அது ஒரு பஞ்சாங்கக் கட்டு.

"கடையில என்ன பார்த்து வாங்கணும்?"

பெட்டியைப் பிரித்து, ஏணியைத் தரையில் விரிக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். நாலு காலும் தரையைத் தொடுகிறதா என்று ஒரு காகிதத்தை ஒவ்வொரு காலுக்கு அடியிலும் செருகிப் பாருங்கள், எந்தக் காலுக்கு அடியில் காகிதம் தாராளமாகப் போகிறதோ அந்தக் கால் ஆடும். தரை மட்டமில்லை என்று கடைக்காரர் சொல்வார், நானும் சொல்வேன். அப்படியானால் இடம் மாற்றி வைத்து இன்னொரு தடவை பாருங்கள்.

இரண்டாவது படியில் ஏறி நின்று இடுப்பை இடமும் வலமும் ஆட்டுங்கள். கொஞ்சம் அசைவு இருக்கும், அது தப்பில்லை. ஆட்டம் நின்ற பிறகும் ஏணி தொடர்ந்து ஆடினால் வேண்டாம். படியும் பக்கச் சட்டமும் சேருகிற இடத்தில் ரிவிட்டை விரலால் தடவிப் பாருங்கள். தலை சப்பையாக, சட்டத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். நகம் உள்ளே நுழைந்தால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். படிக்கு அடியில் குறுக்குப் பட்டி கொடுத்திருந்தால் நல்லது.

விரித்ததும் பூட்டு விழுகிற சத்தம் காதில் கேட்க வேண்டும். கையால் தள்ளினால்தான் பூட்டுகிற ஏணியை ஒருநாள் நீங்கள் தள்ள மறந்துவிடுவீர்கள்.

கடைசியாகப் பாதத்து ரப்பர் புஷ். அதைக் கழற்ற முடிகிறதா, தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏணியில் முதலில் தேய்வது அதுதான். நிறைய பேர் புஷ் போன ஏணிக்குப் பழைய துணியைச் சுற்றிக் கட்டுகிறார்கள். டைல்ஸில் துணி சறுக்குகிற மாதிரி வேறெதுவும் சறுக்காது.

ஆன்லைனில் வாங்குபவர்கள், வந்தவுடன் இதையெல்லாம் வீட்டில் செய்து பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். பெட்டியைப் பிரிக்காமலே பொங்கல் வரைக்கும் பரண் மேல் போட்டு வைக்காதீர்கள். அந்தப் பரணுக்கு எப்படி ஏறுவீர்கள் என்றும் யோசியுங்கள்.

"சட்டம் லேசா வளைஞ்சிருக்கு. தட்டி நேர் பண்ணிடலாமா?"

அலுமினியம் என்றால் கூடாது. ஒருமுறை மடிந்த அலுமினியத்தைத் திருப்பி மடக்கினால் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். பழைய சாமான் கடைக்குப் போடுங்கள், எடைக்கு நல்ல காசு வரும். போடுமுன் நடுவில் அறுத்துவிடுங்கள், வேறு யாராவது வாங்கி ஏறிவிடக் கூடாது. ரிவிட் தளர்ந்ததற்கு போல்ட், நட் போடலாமா என்றும் கேட்பார்கள். சரியான தடிமனில், தானாகக் கழலாத நட் போட்டு முடுக்கினால் சின்ன ஏணிக்குத் தாங்கும். பற்றவைப்பது இரும்புக்கு மட்டும்தான் சரி, அதுவும் குழாய் துரு பிடிக்காமல் இருந்தால்.

"வீட்டுல எங்கே வைக்கிறது?"

எங்கே வைத்தால் முனகாமல் எடுப்பீர்களோ அங்கே. கதவுக்குப் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், கட்டிலுக்கு அடியில் படுக்கைவசமாக, எது வேண்டுமானாலும் சரி. மடக்கினால் எத்தனை அங்குலத் தடிமன் என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், சில ஏணி 3 அங்குலத்தில் மடங்கும், சிலது 6. குழந்தைகள் இருக்கிற வீட்டில் நிமிர்த்திச் சாத்தி வைத்தால் ஒரு கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். இரண்டு வயசுக் குழந்தைக்கு ஏணியைப் பார்த்தால் ஏறத்தான் தோன்றும், அதைச் சாத்தித்தான் வைத்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.